தீர்வைக்குப் பின்னே ஒரு தத்துவம்

தருமபுரியிலிருந்து பாலக்கோட்டைக் கடந்து, இராயக்கோட்டைக்கும் ஓசூருக்கும் செல்லும் வழியில் இருக்கிறது மாரண்டஹள்ளி. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே சந்தையில் பேரம் பேசும் பூமி. நம் 'பள்ளி'தான் கன்னடத்தார் நாவிலே 'ஹள்ளி' ஆயிற்று. காவிரிப் பாய்ச்சலிலே களிக்கும் தஞ்சைத் தரணியன்று அது. வானத்தை அண்ணாந்து பார்த்து வாழும் மேட்டுநிலம். கேழ்வரகும் சாமையும் கொள்ளும் அதன் பழைய செல்வங்கள்.

அந்த ஊர்க் கொல்லையிலே ஏர் பிடித்து நிற்கும் முதியவரை அணுகி, "பெரியவரே! ரிக்கார்டோ என்பாரைத் தெரியுமா? ஜேம்ஸ் மில் என்பாரைத் தெரியுமா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? "எந்த ஊர்க்காரங்க, தம்பி?" என்று திருப்பிக் கேட்பார். அவர்களை இவர் அறியார். இவரை அவர்களும் அறியார். எனினும், இவருடைய பாட்டனுக்குப் பாட்டன் எவ்வளவு தீர்வை கட்டுவது, கட்டத் தவறினால் அவன் உடல் என்ன பாடுபடுவது, மழை பொய்த்த ஆண்டிலே எத்தனை பிடி தானியத்தோடு உயிரைக் காத்துக்கொள்வது ஆகிய அத்தனையையும் முடிவு செய்ததிலே, அந்த முகமறியாதார் எழுதிய ஏடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு!

கற்பனையன்று தோழர்களே, வரலாறு.

"பொருளாதாரம் என்பது வெறும் கணக்கு. அதிலே கொள்கைக்கு இடமில்லை. வரவும் செலவும் பார்த்து வல்லுநர்கள் சொல்வதைக் கேட்டு நடப்பதே முறை" என்று உபதேசம் செய்யும் மேதாவிகளை அன்றும் கண்டோம், இன்றும் காண்கிறோம். புரியாத மொழியிலே மந்திரம் சொல்லி மக்களை மிரட்டினான் புரோகிதன். புரியாத புள்ளிகளைச் சொல்லி மிரட்டுகிறார்கள் இவர்கள். மந்திரத்துக்குப் பொருள் என்ன என்று கேட்கத் துணிந்தவர்கள் நாம். புள்ளிகளுக்கும் பொருள் கேட்கவேண்டாமா? எந்தத் தீர்வைக்கும் பின்னே ஒரு தத்துவம் உண்டு. நிலம் யாருடையது? மனிதன் எதற்காக உழைக்கிறான்? அரசு அவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறது? இக்கேள்விகளுக்கு மனத்துக்குள்ளே ஒரு விடையை வைத்துக்கொண்ட பிறகே, கணக்கன் எழுதுகோலை எடுக்கிறான். அந்த விடையை வெளிச்சத்துக்கு இழுத்துவருவதே நம் வேலை. அதற்கு மாரண்டஹள்ளியைச் சூழ்ந்த மண்ணைவிடச் சிறந்த பாடப்புத்தகம் வேறில்லை.

ஒரு பிரபு, இரண்டு ஏற்பாடு

1792. திப்பு சுல்தானோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்தது. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, 'பாராமகால்' கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்தது. பன்னிரண்டு மகால்கள் என்பது அப்பெயரின் பொருள். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களே அதன் நடுப்பகுதி. நாடு கிடைத்தது, அடுத்து வரி கிடைக்கவேண்டும். யாரிடம் வாங்குவது? எவ்வளவு வாங்குவது?

போரை நடத்திய தளபதியும் கவர்னர் ஜெனரலும் ஒருவரே: காரன்வாலிஸ் பிரபு. சென்னையிலிருந்த சிவில் உத்தியோகஸ்தர்களுக்கு நாட்டுமொழி தெரியவில்லை, நாட்டு நடப்பும் புரியவில்லை என்று கண்டு, பட்டாளத்தைச் சேர்ந்த காப்டன் அலெக்சாண்டர் ரீட் என்பவரைப் பாராமகாலின் பொறுப்பிலே அமர்த்தினார். ரீடுக்குத் துணையாக வந்தவர்கள் மூவர்: மெக்லியாட், கிரகாம், தாமஸ் மன்றோ. மன்றோ தருமபுரியிலே தங்கினார்.

அதே காரன்வாலிஸ், அடுத்த ஆண்டே, 1793 மார்ச் 22ஆம் நாள், வங்காளத்திலே சாசுவத நிலவரித் திட்டத்தை அறிவித்தார். ஜமீன்தார்களே நிலத்தின் உடைமையாளர்கள். அவர்கள் கும்பெனிக்குக் கட்டவேண்டிய தொகை என்றென்றைக்கும் மாறாது. குறித்த நாளிலே கட்டத் தவறினால் ஜமீன் ஏலத்துக்கு வரும் என்பது திட்டம். வசூலிலே பதினொன்றில் பத்துப் பங்கு கும்பெனிக்கு, ஒரு பங்கு ஜமீன்தாருக்கு என்று கணக்கிட்டுத் தொகை குறித்தார்கள். உழுதவன்? அவன் பெயர் உடைமையாளர் பட்டியலிலே இல்லை.

ஏன் இந்த ஏற்பாடு? வங்காளத்து வயலிலே கண்ட உண்மையா? அல்ல! இங்கிலாந்திலே பெருநிலக்கிழார்களே அரசியலின் தூண்கள் என்று நம்பிய கூட்டம் ஒன்றிருந்தது. சொத்துரிமை உறுதியானால் உழைப்புப் பெருகும், காடு கழனியாகும், அரசாங்கம் கைகட்டி நிற்பதே அழகு என்பது அவர்கள் வேதம். அதற்கும் முன்னரே, 1776இல், பிலிப் பிரான்சிஸ் என்பவர் இத்தகைய திட்டத்தை வரைந்திருந்தார். நிலமே செல்வத்தின் ஊற்று என்று போதித்த பிரெஞ்சு அறிஞர்களின் கருத்து அவர் திட்டத்திலே படிந்திருந்ததை, வரலாற்றாசிரியர் ரணஜித் குகா 1963இல் வெளியிட்ட நூலில் விளக்கியிருக்கிறார். பாரிசிலே முளைத்த கருத்து, இலண்டனிலே வளர்ந்து, வங்காளத்து உழவன் தலையிலே காய்த்தது!

குதிரைமேல் வந்த கொள்கை

பாராமகாலிலே நடந்தது வேறு. ரீடும் துணைவர்களும் ஊர் ஊராகச் சென்று, கொல்லை கொல்லையாக அளந்தார்கள். 1796 டிசம்பர் 10ஆம் நாள் ரீட் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஒவ்வொரு உழவனும் தன் நிலத்துக்குரிய தீர்வையை அரசாங்கத்துக்கு நேரே கட்டலாம். ஆண்டுதோறும் வேண்டிய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், வேண்டாததை விட்டுவிடலாம் என்பது அதன் சாரம். நடுவிலே ஜமீன்தார் இல்லை. பின்னாளிலே தென்னாடு முழுதும் பரவிய இரயத்துவாரி முறை பிறந்த தொட்டில் இதுதான். தருமபுரி மண்ணிலே பிறந்த குழந்தை அது.

மன்றோ, கிளாஸ்கோ நகரத்து வணிகர் மகன். அமெரிக்கப் புரட்சியால் குடும்பத்தின் வாணிபம் நொடித்தது. 1780இல் சிப்பாய் உத்தியோகம் தேடிச் சென்னைக்கு வந்தார். குதிரைமேல் சுற்றி, கூடாரத்திலே தங்கி, உழவரோடு பேசிப் பழகியவர். ஏட்டுத் தத்துவங்களை நம்பாதவர் என்று பெயர் பெற்றவர். இங்கிலாந்தின் சரக்கை இந்தியாவிலே இறக்குமதி செய்யாதே. நாட்டின் பழைய வழக்கத்தை ஒட்டி ஆட்சி செய் என்பது அவர் வாதம்.

'தத்துவம் வேண்டாம்' என்பதும் ஒரு தத்துவமே, தோழர்களே! மன்றோவின் மனத்திலே இருந்த சித்திரம் இது: குடிகள் குழந்தைகள், சர்க்கார் தாயும் தந்தையும், நல்ல உள்ளம் படைத்த கலெக்டர் ஒருவர் கையிலே எல்லா அதிகாரமும் இருந்தால், குழந்தைகள் சுகப்படுவர். கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால், தந்தை கேட்ட தீர்வை எவ்வளவு? மன்றோவே பின்னர் ஆண்ட கடப்பை, பல்லாரி முதலிய பகுதிகளின் தீர்வை விளைச்சலிலே ஏறத்தாழப் பாதியைத் தொட்டது. அதை நூற்றுக்கு 25 குறைத்து, மூன்றிலொரு பங்காக்கவேண்டும் என்று அவரே 1807இல் எழுதினார். மக்களிடம் இரக்கம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால், இரங்கிக் குறைக்கும்போதும், எவ்வளவு என்று தீர்மானிக்கும் உரிமை தந்தையின் கையிலேதான்!

மிட்டா எனும் மின்னல்

மன்றோ 1799இல் பாராமகாலை விட்டுச் சென்றார். வங்காளத்துத் தத்துவம் அவர் நாற்காலியிலே வந்து அமர்ந்தது. 1802இல் சென்னை மாகாணத்துக்கும் சாசுவத முறை சட்டமாயிற்று. ஜமீன்தார் இல்லாத இடத்திலே என்ன செய்வது? ஜமீன்தாரை உற்பத்தி செய்! சேலம் சீமையின் கிராமங்களைக் கூட்டங்கூட்டமாகச் சேர்த்து, 'மிட்டா' என்று பெயரிட்டு, ஏலத்திலே விற்றார்கள். எடுத்தவன் மிட்டாதார். நேற்றுவரை சர்க்காருக்கு நேரே தீர்வை கட்டிய உழவன், இன்று மிட்டாதாரின் குடியானவன்!

வானம் பார்த்த பூமிக்கு வங்காளத்து வேதம் பொருந்துமா? ஓராண்டு மழை உண்டு, மறு ஆண்டு இல்லை. தொகையோ மாறாதது. மிட்டாதார்கள் பலர் சில ஆண்டுகளிலேயே நொடித்தார்கள். மிட்டாக்கள் பல மீண்டும் சர்க்காரிடமே வந்து சேர்ந்தன. மின்னலைப்போல் தோன்றி மறைந்தது தத்துவம். இடி விழுந்தது என்னவோ ஏழையின் தலையிலே. எஞ்சி நின்ற மிட்டாக்களோ ஒன்றரை நூற்றாண்டு நீடித்து, 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தாலேதான் ஒழிந்தன.

ஐந்து மகாலிலும் பத்து மகாலிலும் பட்ட பாடுகளைக் கேட்ட பிறகு, இலண்டனிலே காற்றுத் திசை மாறிற்று. 1812இல் வெளியான பாராளுமன்றத்தின் ஐந்தாவது அறிக்கை இவ்விவாதங்களை உலகறியச் செய்தது. 1820இல் மன்றோ சென்னைக் கவர்னரானார். இரயத்துவாரி மாகாணத்தின் பொது முறையாயிற்று. 1827இல் அவர் இறந்தார். சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமீது அமர்ந்திருக்கும் சிலை அவருடையதுதான்.

எல்லிசின் மறுப்பு, எவரும் கேட்காத குரல்

மன்றோவை எதிர்த்தவர்கள் இல்லையா? இருந்தார்கள். அவர்களிலே ஒருவர் நாம் நன்றியோடு நினைக்கவேண்டியவர்: சென்னைக் கலெக்டர் எல்லிஸ். தென்னாட்டு மொழிகள் வடமொழியின் வயிற்றிலே பிறந்தவையல்ல, அவை தனிக்குடும்பம் என்று, கால்டுவெலுக்கு நாற்பதாண்டுகள் முன்னரே, 1816இல் எழுதிக் காட்டிய பேரறிஞர். அந்த எல்லிஸ், மிராசு உரிமையைப் பற்றிய கேள்விகளுக்கு எழுதிய விடைகள் 1818இல் அச்சாயின. நிலமெல்லாம் சர்க்காருடையது என்பது பொய்; தொண்டை நாட்டு ஊர்களிலே காணியாட்சி என்ற பழைய உடைமை உண்டு; அதை மிதிக்காதே என்று வாதாடினார். சென்னை வருவாய் வாரியமும் அதே ஆண்டு ஜனவரியிலே, இரயத்துவாரியைக் கண்டித்து நீண்ட குறிப்பு எழுதிற்று.

எவ்வளவு கற்றறிந்த விவாதம்! ஒருவர் ஜமீன்தாருக்காகப் பேசினார். ஒருவர் மிராசுதாருக்காகப் பேசினார். ஒருவர் பட்டாதாரான உழவருக்காகப் பேசினார். சர்க்காருக்காக எல்லாருமே பேசினார்கள். சேற்றிலே இறங்கி நாற்று நட்டானே, பறையன் என்றும் பள்ளன் என்றும் சொல்லி ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்டானே, நிலத்தோடு சேர்த்து விலை பேசப்பட்டானே, அவனுக்காகப் பேசியவர் எவர்? மிராசு என்ற உரிமையின் உள்ளேயே அவனுடைய அடிமைத்தனமும் அடங்கியிருந்தது. 1843இல் அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஆதரவு நீக்கப்பட்டது. ஆனால் நிலம் அவனுக்கு வரவில்லை. செங்கற்பட்டிலே அவன் தரிசைக் கேட்டாலும், மிராசுதாரின் முன்னுரிமை குறுக்கே நின்றது. 1891இல் கலெக்டர் திரெமென்கீர் எழுதிய அறிக்கைதான் அந்த அநீதியை அரசாங்கத்தின் மேசைக்குக் கொண்டுவந்தது. அதன் விளைவாகவே 1892இல் தாழ்த்தப்பட்டோருக்கென நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான்.

நூறாண்டுகள் நடந்த விவாதம். நூறாண்டுகள் காத்திருந்தவன் உழைத்தவன். ஒரு தத்துவத்தை எடைபோடும்போது, அது யாரைப்பற்றிப் பேசுகிறது என்று மட்டும் பாராதீர்கள். யாரைப்பற்றிப் பேசாமல் விடுகிறது என்று பாருங்கள்!

மேசையிலே மலர்ந்த கோட்பாடு

1817இல் இலண்டனிலே ரிக்கார்டோ ஒரு நூல் வெளியிட்டார். நல்ல நிலம், நடுத்தர நிலம், மோசமான நிலம் எனத் தரம் வேறுபடுவதால் விளைவதே வாரம். மோசமான நிலத்துக்கும் நல்ல நிலத்துக்கும் உள்ள விளைச்சல் வேறுபாடு நிலக்கிழாருக்கு உழைக்காமல் கிடைக்கும் ஊதியம் என்று விளக்கினார். அவருடைய நண்பர் ஜேம்ஸ் மில், இந்தியாவைக் காணாமலே இந்திய வரலாறு எழுதியவர், 1819இல் கும்பெனியின் தலைமை அலுவலகத்திலே பதவி பெற்றார். உழைக்காமல் உண்பவன் நிலக்கிழார்; ஆகவே வாரத்தைச் சர்க்காரே எடுத்துக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை என்றார்.

நிலக்கிழாருக்கு அடி! நம் இளைஞர்கள் கைதட்டத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். நிலக்கிழாரை நீக்கிய இடத்திலே நிற்பது யார்? உழவனா? இல்லை; கும்பெனி! ஆறாயிரம் கல் தொலைவிலே இலாபப் பங்கு எண்ணும் வணிகக் கூட்டம்! தாய்நாட்டிலே புரட்சிக் கருத்தாக இருந்தது, அடிமைநாட்டிலே வசூல் கருவியாயிற்று. பம்பாய் மாகாணத்துத் தக்காணத்திலே பிரிங்கிள் என்ற அதிகாரி இக்கோட்பாட்டை அப்படியே அளவையாக்கினார். செலவு போக மிஞ்சும் விளைவைக் கணக்கிட்டு, நூற்றுக்கு 55 தீர்வை என்றார். கணக்கு ஏட்டிலே சரியாக இருந்தது. வயலிலே பிழையாக இருந்தது. உழவர்கள் நிலத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். 1830களிலே வேறு அதிகாரிகள் வந்து திருத்தவேண்டியதாயிற்று.

கிட்டியும் அண்ணாந்தாளும்

மன்றோவின் 'தந்தை ஆட்சி'க்கும் தேர்வுநாள் வந்தது. கலெக்டர் கையிலே எல்லா அதிகாரமும் இருக்கட்டும் என்றார் அல்லவா? அவ்வண்ணமே, 1816ஆம் ஆண்டுச் சட்டங்கள் கலெக்டரை மாஜிஸ்திரேட்டுமாக ஆக்கின. தாசில்தாருக்குப் போலீஸ் அதிகாரம் தந்தன. வரி கேட்பவனும் அவனே. பிடித்துக் கட்டுபவனும் அவனே. கொடுமை நடந்தால் முறையிடுவது யாரிடம்? அவனிடமே!

சென்னையிலே கசுலு லட்சுமிநரசு செட்டியார் என்ற வணிகர் இருந்தார். 'கிரசென்ட்' என்ற ஏட்டை நடத்தியவர். 1852இல் சென்னைச் சுதேசிகள் சங்கத்தைத் தோற்றுவித்தவர். பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமூர் 1853இல் வந்தபோது, மாளிகைகளைக் காட்டவில்லை, கிராமங்களைக் காட்டினார். வரிக்காக வதைபட்டவர்களை நேரே காணச் செய்தார். சீமூர் திரும்பிச் சென்று பாராளுமன்றத்திலே குரல் எழுப்பினார். விசாரணைக் கமிஷன் அமைந்தது. 1855இல் அறிக்கை வந்தது: ஆம், வரி வசூலுக்காகச் சித்திரவதை நடக்கிறது! விரல்களை இடுக்கி நசுக்கும் கிட்டி. உடலை வளைத்துக் கட்டி வெயிலிலே நிறுத்தும் அண்ணாந்தாள். வருவாயும் போலீசும் ஒரே கையிலே இருந்ததை அறிக்கை சுட்டிக்காட்டிற்று.

பாருங்கள் தோழர்களே! அன்பு நிறைந்த தந்தை என்ற தத்துவத்திலே தொடங்கியது, கிட்டியிலே முடிந்தது. மன்றோ கொடியவர் என்பதாலா? அல்ல. நல்லவர் வருவார் என்று நம்பிக் கட்டிய ஏற்பாட்டிலே, தீயவர் வந்தால் தடுக்க வழியில்லை என்பதால்! நல்லெண்ணம் போதாது, கேள்வி கேட்கும் உரிமை வேண்டும் என்பது, இரத்தத்தால் எழுதப்பட்ட பாடம்.

ஒரு பவுண்டு தானியம்

1876இல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் பெருமூச்சோடு சொன்ன பஞ்சம். தருமபுரி வட்டாரம் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம். 1881இல் எண்ணியபோது ஏறத்தாழ 16 லட்சம். மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் குறைந்தார்கள்! மாண்டார் சிலர், இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் பிற இடங்களுக்கும் ஓடினார் சிலர் என்றாலும், ஒரு மாவட்டத்திலே ஆறிலொருவருக்குமேல் காணோம் என்றால், அந்த வீதிகள் எப்படி இருந்திருக்கும்!

தானியமே இல்லையா? இருந்தது. துறைமுகங்களிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. சென்னை அரசாங்கம் தானே தானியம் வாங்கி வைக்க முயன்றபோது, லிட்டன் பிரபுவின் இந்திய அரசாங்கம் கண்டித்துத் தடுத்தது. வணிகத்திலே அரசாங்கம் தலையிடலாகாது. விலை ஏறினால் தானியம் தானே வந்து சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. விலை ஏறியது. தானியமும் வந்தது. வாங்கக் காசில்லாத மனிதன்தான் போய்ச் சேர்ந்தான்!

இந்திய அரசாங்கம் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், 1877 ஜனவரியிலே சென்னை வந்தார். நிவாரண வேலையிலே கல்லுடைக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்றார். அரைக் கிலோகூட இல்லை. இவர் யார் தெரியுமா? 1874இல் வங்காளம், பீகார்ப் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து பெருமளவு அரிசியை வரவழைத்துப் பல உயிர்களைக் காத்த அதே டெம்பிள்! அன்று உயிர் காத்ததற்கு அவருக்குக் கிடைத்த பட்டம் 'ஊதாரி'. அந்த வசைக்கு அஞ்சித் தன்னைச் சிக்கனவீரராகக் காட்டிக்கொள்ள வந்தவர் தமிழ்நாட்டு உழவனின் வயிற்றிலே சிக்கனம் பிடித்தார். சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ், இந்த உணவிலே உழைக்கும் உடல் நிற்காது என்று வாதாடினார். சில மாதங்கள் கழித்துக் கூலியை ஓரளவு உயர்த்தினார்கள். அதற்குள் போன உயிர்கள் போனவைதாம்.

தாராளமாகக் கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாவர், கருவூலம் காலியாகும். இவைதாம் அன்று சொல்லப்பட்ட காரணங்கள். நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் குரலை மீண்டும் கேட்கப்போகிறோம்.

தொரப்பள்ளியும் கோட்டையும்

மாரண்டஹள்ளிக்கு வடக்கே, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிலே 1878இல் பிறந்தவர் ராஜகோபாலாச்சாரியார். பஞ்சம் முடிந்த ஆண்டு அது. அந்தப் பூமியிலே பிறந்தவர், 1952இல் சென்னை முதலமைச்சராக உணவுக் கட்டுப்பாட்டையும் பங்கீட்டையும் நீக்கினார். பலர் அஞ்சிய அளவுக்கு அன்று விலை ஏறவில்லை என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். 1959 ஜனவரியிலே நாகபுரிக் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூனிலே அவர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். பர்மிட், லைசென்ஸ், கோட்டா ஆட்சி என்று திட்டமிடும் அரசைச் சாடினார். உழவனின் நிலத்திலே சர்க்கார் கைவைக்கலாகாது என்பது அவர் முழக்கம். இடையிலே நிற்கும் அதிகாரி வளைந்து கொடுத்து வயிறு வளர்ப்பான் என்று அவர் எச்சரித்ததிலே உண்மை உண்டு. 1855 அறிக்கையைப் படித்தவர் அதை மறுக்கமாட்டார். ஆனால் அவர் பேசிய உழவன், நிலமுடைய உழவன். நிலமற்றவனுக்கு அந்தத் தத்துவத்திலே இடம் எங்கே? எல்லிசிடம் கேட்ட கேள்வியை இவரிடமும் கேட்கிறோம்.

1961இல் தமிழகத்திலே நில உச்சவரம்புச் சட்டம் வந்தது: 30 தர ஏக்கர். விதிவிலக்குகள் பலவற்றோடு வந்தது. 1970இல் உச்சவரம்பு 15 தர ஏக்கராகக் குறைந்தது. முப்பதும் கணக்கு, பதினைந்தும் கணக்கு. எது சரியான கணக்கு என்று எந்தக் கணித நூலும் சொல்லாது. நிலம் ஒருவனுடைய தனிச்சொத்தா, சமுதாயம் அவனிடம் ஒப்படைத்த பொருளா என்பதற்கு நீங்கள் தரும் விடைதான் சொல்லும்.

1967இல் தி.மு.கழகமும் சுதந்திராக் கட்சியும் ஒரே கூட்டணியிலே நின்றன. தேர்தலிலே சேர்ந்தார்கள், தத்துவத்திலே சேரவில்லை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லி ஆட்சிக்கு வந்த அறிஞர் அண்ணா, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார். கருவூலத்தின் சுமை, மூன்று படியை எட்டவிடவில்லை. தோல்வி என்றனர் சிலர். ஆனால், விலை என்பது சந்தையின் தெய்வவாக்கு அன்று, பசித்தவனுக்காக அரசு அதிலே தலையிடும் என்ற கொள்கை நிலைத்துவிட்டது. லிட்டன் மறுத்ததைத்தான் அன்று கோட்டை ஏற்றது.

புள்ளிக்குப் பொருள் கேள்

இன்று? 2011 முதல் அரிசிக் குடும்ப அட்டைக்கு விலையில்லா அரிசி. 1956இல் காமராசர் காலத்திலே விரிந்த மதிய உணவு. 2022இல் வந்த காலை உணவு. உடனே எழுகிறது பழைய குரல்: "இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கும்! கருவூலம் காலியாகும்!" எங்கோ கேட்ட குரல் அல்லவா? டெம்பிளின் கூடாரத்திலிருந்து வந்த குரல்! 2013இல் உச்சநீதிமன்றம், தேர்தல் அறிக்கையிலே தரும் இத்தகைய வாக்குறுதி சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று தீர்ப்பளித்த பிறகும், விவாதம் ஓயவில்லை. ஓயாது. ஓயவும் வேண்டாம். கருவூலத்தைப் பற்றிய கேள்வி தவறன்று. வீண் செலவு எது, பயனுள்ள செலவு எது என்று நாமே கேட்கவேண்டும். ஆனால், குழந்தையின் தட்டிலே விழும் உணவை 'இலவசம்' என்று எழுதி, பெருமுதலாளிக்குத் தரும் வரிச்சலுகையை 'ஊக்கத்தொகை' என்று எழுதும்போது, அது கணக்குப் பிழையன்று. அது ஒரு தத்துவம்!

மாரண்டஹள்ளிக்குத் திரும்புவோம். சாமை விளைந்த கொல்லைகளுக்கு அருகே இன்று தக்காளி சிவந்திருக்கிறது. பாலக்கோட்டு மண்டியிலும் இராயக்கோட்டையிலும் விலை வீழும் நாளிலே, பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல், செடியிலேயே அழுகவிடுகிறார் உழவர். "தேவைக்குமேல் விளைந்தது, விலை வீழ்ந்தது, இயற்கை விதி" என்பான் ஒருவன். "விளைவித்தவன் வாழவேண்டும், விலைக்கு ஓர் அடித்தளம் போடு, குளிர்பதனக் கிடங்கு கட்டு" என்பான் ஒருவன். "தக்காளிக்காரனை விடு, அதைக் கூலிக்குப் பறிக்கும் பெண்ணின் கூலி என்ன?" என்பான் மற்றொருவன். மூவர் கையிலும் ஒரே புள்ளிகள்தாம். மூவர் மனத்திலும் வெவ்வேறு மனிதர்கள்!

அந்த முதியவருக்கு ரிக்கார்டோவைத் தெரியாமல் போகலாம். ஆனால் அவருடைய பேரனுக்குத் தெரியவேண்டும். வரவு செலவுத் திட்டத்தைக் கண்டு மிரளாமல், அதைக் கையிலெடுத்து, "இது யாரை மனிதனாக எண்ணி எழுதப்பட்டது? யார் பெயர் இதிலே விடுபட்டிருக்கிறது?" என்று கேட்கத் தெரியவேண்டும். அளவைச் சங்கிலியோடு துரைமார் வந்த நாளிலே, அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு பாராமகாலின் உழவனுக்கு இல்லை. இன்று இருக்கிறது. வாக்குச்சீட்டு இருக்கிறது, படிப்பகம் இருக்கிறது, மேடை இருக்கிறது.

மந்திரத்துக்குப் பொருள் கேட்ட நாம், புள்ளிக்கும் பொருள் கேட்போம்!